வாய்க்குள் மூன்று விரல் போகிறதா?

சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் மூன்றையும் ஒட்டி நிமிர்த்தி, மேல் கீழ் முன்பற்களுக்கு நடுவே வைத்துப் பாருங்கள். பெரும்பாலானோருக்கு அவை போய்விடும். அந்தத் திறப்பு ஏறத்தாழ 40 மில்லிமீற்றர். இரண்டு விரலுக்கே கன்னம் இழுக்கிறது, மூன்று மாதத்துக்கு மேலாகக் காதுக்கு முன்னால் நோகிறது என்றால், சொத்தைப் பல்லை மட்டும் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

கன்னத்தில் கை வைத்துப் பல்லைக் கடியுங்கள். உருண்டையாகத் திரள்வதுதான் மெல்லும் தசை. தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவர்களுக்கும், வேலை மும்முரத்தில் தம்மை அறியாமல் பல்லை இறுக்குபவர்களுக்கும் அது ஓய்வே இல்லாமல் உழைக்கிறது.

இந்தத் தசை நோவுக்கு லேசர் சிகிச்சை என்றதும் வெட்டும் கதிர் என்று பயப்படுகிறார்கள். இது சூடுகூடத் தெரியாத மெல்லிய ஒளி; பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. கண்ணாடி போட்டுவிட்டு, நோகும் புள்ளிகளில் கருவியைச் சிறிது நேரம் வைத்து எடுப்பார்கள். ஒளி கலத்துக்குள் இருக்கும் இழைமணியைத் தூண்டி நோவைத் தணிக்கிறது என்பது விளக்கம். சில ஆய்வுகளில் நோவு குறைந்தது. சிலவற்றில் போலிச் சிகிச்சைக்கும் அதற்கும் பெரிய வித்தியாசமில்லை. நாட்பட்ட தாடை நோவுக்காக 2023இல் பிஎம்ஜே இதழில் வந்த சர்வதேச வழிகாட்டி, லேசரை வழக்கமான சிகிச்சையாகப் பரிந்துரைக்கவில்லை. மேற்பார்வையில் செய்யும் தாடைப் பயிற்சி, கையால் தசை முடிச்சைத் தளர்த்துதல், மனப்பயிற்சி ஆகியவற்றையே அது வலுவாக ஆதரித்தது.

ஆகவே லேசருக்கென்று காசு சேர்ப்பதை விட, பிசியோதெரபிஸ்டிடம் பயிற்சியைச் சரியாகப் பழகுவது மேல். நாக்கு நுனியை மேல் அண்ணத்தில், முன்பற்களுக்குச் சற்றுப் பின்னால் வைத்து, அது விலகாமல் வாயை மெதுவாகத் திறந்து மூடுவது ஒன்று. மெல்லும் தசையை விரலால் வட்டமாக அழுத்தித் தடவுவது இன்னொன்று. வெந்நீர்த் துணியால் ஒத்தடம் கொடுத்துவிட்டுச் செய்தால் தசை இளகும். உதடு மூடியிருக்கலாம், பற்கள் தொட்டுக்கொண்டிருக்கக் கூடாது. நாள் முழுக்க நினைவில் வைக்க வேண்டியது இதுதான். சில வாரங்கள் விடாமல் செய்ய வேண்டும், அலுப்புத்தான்.

எல்லா வாய் இறுக்கமும் தசைக் கோளாறு அல்ல. வெற்றிலை பாக்குப் போடுபவருக்குக் கன்னத்தின் உட்புறம் வெளிறி, நார்போல் இறுகி, காரம் பட்டால் எரிந்தால், அது புற்றுநோயாக மாறக்கூடிய வேறொரு நிலை. புற்று என்ற சந்தேகம் உள்ள இடத்தில் லேசர் வைக்கவே கூடாது. முதலில் பல் வைத்தியர் வாயைப் பார்க்க வேண்டும். தெல்தெனியவில் இருப்பவர்கள் மேல் பரிசோதனைக்குத் திகன, குண்டசாலை வழியாகக் கண்டிக்கு பஸ் ஏறி, அங்கிருந்து பேராதனைப் பல் போதனா வைத்தியசாலைக்குப் போகலாம்.

ஏற்றம் ஏறும்போது மட்டும் தாடை நொந்து, நின்றால் விடுகிறதா? அப்படியானால் காட்ட வேண்டியது இதயத்தை. கூடவே வியர்வையோ மூச்சுத் திணறலோ வந்தால் அந்த நேரமே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.