தொங்கு பாலத்தின் உயிர்நாடி

கல்முனையிலிருந்து மட்டக்களப்பு நகருக்குச் செல்லும் நாம் கல்லடியில் வாவியைக் கடக்கின்றோம். அங்குள்ள பாலம் நீரில் ஊன்றிய தூண்கள்மீது நிற்பது. தொங்கு பாலமோ மேலிருந்து தாங்கப்படுவது. நடப்போரின் பாரம் தொங்குகம்பிகள் வழியாகப் பெருவடங்களைச் சேரும்; வடங்கள் அதனைக் கரைக் கோபுரங்களுக்கும் நிலத்திற் பதித்த நங்கூரங்களுக்கும் கடத்தும். ஆகவே வடமே பாலத்தின் உயிர்நாடி.

இதனை மறந்ததன் விளைவைக் குஜராத்தின் மோர்பி நகரிற் கண்டோம். 19ஆம் நூற்றாண்டில் அந்நகர மன்னர் மச்சு ஆற்றின்மேல் அமைத்த நடைபாலம், பழுதுபார்க்கப்பட்டு 2022 ஒக்டோபர் 26இல் மீண்டும் திறக்கப்பட்டது. 30ஆம் திகதி அறுந்து வீழ்ந்தது. 135 பேர் மாண்டனர். தளம் புதியது, வடமோ பழையது. அறுந்த வடத்தின் 49 கம்பிகளுள் 22 முன்னரே துருப்பிடித்திருந்தன என விசாரணை கண்டது.

பழம்பாலங்களைப் பேணுவோர் தளத்தைப் புதுக்குமுன் வடத்தைச் சோதித்தல் வேண்டும். ஏறுவோர் தொகைக்கும் வரம்பு விதித்தல் வேண்டும்.