‘பொறுப்பு’க்கு இங்கிலீஷ்ல என்ன? அரியலூர் ரயில் விபத்து கற்றுத் தரும் அரசியல் ஆங்கிலம்

‘புதிய கலெக்டர் பொறுப்பேற்பு.’ ‘தேர்தல் தோல்விக்குப் பொறுப்பேற்று தலைவர் ராஜினாமா.’ ‘குண்டுவெடிப்புக்கு தீவிரவாத அமைப்பு பொறுப்பேற்பு.’

மூணுமே நாம அடிக்கடி பார்க்கிற மாதிரியான தலைப்புகள்தான். தமிழ்ல மூணுக்கும் ஒரே சொல். ஆங்கிலத்தில் அப்படி இல்லை. கலெக்டர் ‘டேக்ஸ் சார்ஜ்’, தலைவர் ‘டேக்ஸ் ரெஸ்பான்சிபிலிட்டி’, தீவிரவாத அமைப்பு ‘க்ளெய்ம்ஸ் ரெஸ்பான்சிபிலிட்டி’. இதை மாத்திப் போட்டா கலெக்டர் ஏதோ குண்டு வெச்ச மாதிரி ஆகிடும்!

தமிழ் மீடியத்தில் படிச்சிட்டு குரூப் டிஸ்கஷன், டிபேட், யு.பி.எஸ்.சி இன்டர்வியூ என்று தயாராகிறவர்கள் பலரும் ‘500 இடியம்ஸ்’ பி.டி.எஃப்பை மனப்பாடம் செய்கிறார்கள். மேடையில் நிற்கும்போது அது கைகொடுக்காது. ஒரு சொல் எந்தச் சூழலில் வந்தது என்று தெரிந்தால்தான் வாயில் வரும். பெரம்பலூர், அரியலூர்க்காரங்களுக்கு அந்தச் சூழல் சொந்த ஊர்லயே இருக்கு.

1956-ல் என்ன நடந்தது?

1956 நவம்பர் 23, அதிகாலை. சென்னையில் இருந்து தூத்துக்குடி போய்க்கொண்டிருந்த எக்ஸ்பிரஸ், அரியலூரைத் தாண்டி மருதையாற்றுப் பாலத்துக்கு வந்தது. வெள்ளம் பாலத்தைச் சிதைத்திருந்தது. இன்ஜினும் பெட்டிகளும் ஆற்றுக்குள் கவிழ்ந்தன. 140-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். (அரியலூர் பெரம்பலூரில் இருந்து பிரிந்து மீண்டும் தனி மாவட்டமானது 2007-ல், இதே நவம்பர் 23 அன்று.)

அப்போது ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி. சில மாதங்களுக்கு முன்பு மஹபூப்நகர் ரயில் விபத்து நடந்தபோதே அவர் ராஜினாமா கடிதம் கொடுத்தார், பிரதமர் நேரு ஏற்கவில்லை. அரியலூருக்குப் பிறகு மறுபடியும் கொடுத்தார். இந்த முறை நேரு ஏற்றுக்கொண்டார்.

இதை ஆங்கிலத்தில் சொல்லும்போது பலரும் சறுக்குவது இங்கேதான். மஹபூப்நகருக்குப் பிறகு சாஸ்திரி ‘ஆஃபர்டு டு ரிசைன்’, அதாவது விலக முன்வந்தார். ‘டெண்டர்டு ஹிஸ் ரெசிக்னேஷன்’ என்றாலும் சரி, கடிதம் கொடுத்தார் என்றுதான் அர்த்தம். பதவி போனதா இல்லையா என்பது அதில் தெரியாது. அரியலூருக்குப் பிறகுதான் ‘ரிசைன்ட்’. ‘ஸ்டெப்டு டவுன்’ என்றும் சொல்லலாம். ‘வாஸ் சாக்டு’ என்று மட்டும் சொல்லிடாதீங்க, அது அவரைத் தூக்கிட்டாங்கன்னு அர்த்தம்.

‘ஃபார்’ போடணுமா, ‘டு’ போடணுமா?

நேரு நாடாளுமன்றத்தில் சொன்னதன் சாரம்: இந்த விபத்துக்கு சாஸ்திரி எந்த வகையிலும் காரணம் இல்லை, ஆனால் அரசியல் சாசன மரபுக்கு முன்னுதாரணமாக இருக்கட்டும் என்றுதான் ராஜினாமாவை ஏற்கிறேன்.

அதாவது சாஸ்திரி விபத்துக்கு ‘ரெஸ்பான்சிபிள்’ இல்லை, ஆனால் ‘மாரல் ரெஸ்பான்சிபிலிட்டி’ எடுத்துக்கொண்டார். ‘ஹீ வாஸ் ரெஸ்பான்சிபிள் ஃபார் தி ஆக்சிடென்ட்’ என்று இன்டர்வியூவில் சொன்னால், விபத்துக்கு அவர்தான் காரணம் என்று ஆகிவிடும். ‘ஹீ டுக் மாரல் ரெஸ்பான்சிபிலிட்டி ஃபார் தி ஆக்சிடென்ட்’ என்றால் தவறு அவருடையது அல்ல, துறை அவருடையது.

‘ஃபார்’ போய் ‘டு’ வந்தால் அர்த்தமே வேற. அரசியல் சாசனத்தின் 75(3) பிரிவில், அமைச்சரவை மக்களவைக்குக் கூட்டாக ‘ரெஸ்பான்சிபிள் டு’ என்று இருக்கிறது. யாருக்குப் பதில் சொல்ல வேண்டுமோ அவருக்கு ‘டு’. எதற்குப் பொறுப்போ அதற்கு ‘ஃபார்’. என்னைக் கேட்டால், 500 இடியம்ஸைவிட இந்த ரெண்டு குட்டிச் சொற்களுக்குத்தான் முதலில் நேரம் கொடுக்கணும்.

நம்ம ஊர் ஆங்கிலப் பத்திரிகைகளில் ‘ஓனிங் மாரல் ரெஸ்பான்சிபிலிட்டி’, ‘புட் இன் ஹிஸ் பேப்பர்ஸ்’ எல்லாம் சகஜம். இங்கே தாராளமாகப் பேசலாம். லண்டன்காரர் கேட்டால் ‘எந்தப் பேப்பர்?’ என்று யோசிக்கக்கூடும்.

இதற்கு நேரெதிர் ‘பாஸ் தி பக்’, பொறுப்பை அடுத்தவர் தலையில் கட்டுவது. ‘பக்’ என்பது இங்கே டாலர் இல்லை. போக்கர் ஆட்டத்தில் அடுத்து சீட்டுப் போட வேண்டியவர் முன்னால் வைக்கும் அடையாளப் பொருள். அமெரிக்க அதிபர் ட்ரூமன் ‘தி பக் ஸ்டாப்ஸ் ஹியர்’ என்ற பலகையைத் தன் மேஜையிலேயே வைத்திருந்தார்.

தமிழ் பஞ்ச் ஆங்கிலத்தில் எடுபடுமா?

அப்போது ரயில்வே துணை அமைச்சராக இருந்தவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த ஓ.வி.அழகேசன். 1957 தேர்தலில், முதல்முறையாகக் களமிறங்கிய தி.மு.க. அவர் பெயரையும் அரியலூரையும் சேர்த்து முழக்கமாக்கியது. ‘ஆண்டது’, ‘மாண்டது’ என்று எதுகையில் அடித்த அந்த முழக்கம் இன்றும் பழைய தலைமுறைக்கு நினைவிருக்கிறது. ஆங்கிலத்தில் ‘ரூல்’, ‘டை’ என்று வைத்துப் பாருங்க, எதுகை காலி, கோபமும் காலி. அதனால் தமிழ் பஞ்ச்சை மொழிபெயர்த்து மேடைக்குக் கொண்டு போகாதீங்க. ஒரே மாதிரி தொடங்கும் மூணு சின்ன வாக்கியம் ஆங்கிலத்தில் அதே வேலையைச் செய்யும்.

உதாரணமாக, இதைச் சத்தமாகச் சொல்லிப் பாருங்க: ‘ஹீ டிட் நாட் பில்ட் தி பிரிட்ஜ். ஹீ டிட் நாட் டிரைவ் தி டிரெயின். ஹீ டிட் நாட் பாஸ் தி பக்.’