பம்மல் வட்டாரப் பள்ளிகளும் குடியேற்ற வரலாறும்: சேர்க்கைப் பதிவேடுகளை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

சென்னையின் தென்புறத்தில் விரைந்து வளர்ந்துவரும் தாம்பரம் மாநகராட்சியின் ஒரு பகுதி பம்மல். இவ்வட்டாரத்தின் வரலாறு பெரும்பாலும் புகழ்பெற்ற முன்னோடிகளின் பெயர்களைக் கொண்டே எழுதப்படுகிறது. அம்முறையில், வேலை தேடி வந்து குடியேறிய எளிய மக்கள் இடம்பெறுவதில்லை. பள்ளிகளின் பெயர்களும் அவற்றில் பேணப்படும் சேர்க்கை நீக்கப் பதிவேடுகளும் அவ்விடைவெளியை நிரப்பும் சான்றுகளாக அமைவதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: பம்மல், பல்லாவரம், புறநகர் வரலாறு, திண்ணைப் பள்ளி, ஒன்றியப் பள்ளி, சேர்க்கைப் பதிவேடு.

முன்னுரை

2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் இணைக்கப்பட்டுத் தாம்பரம் மாநகராட்சி உருவானது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 75,870 பேரைக் கொண்ட தனி நகராட்சியாக இருந்த பம்மல், 70 வட்டங்களைக் கொண்ட மாநகராட்சிக்குள் அடங்கியது. ஓர் ஊர் தன் நிருவாகத் தனித்தன்மையை இழக்கும்போது அதன் ஆவணங்களும் இடம்பெயர்கின்றன. ஆகவே, அவ்வூரின் வரலாற்றை எந்தச் சான்றுகளைக் கொண்டு எழுதுவது என்னும் வினா இப்போது முதன்மை பெறுகிறது.

முன்னோடி வரலாற்றின் எல்லைகள்

இவ்வட்டாரத்தில் முன்னோடிகளுக்குக் குறைவில்லை. 1863 மே 30 அன்று இராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் கண்டெடுத்த பழைய கற்காலக் கருவி, இந்தியத் தொல்பழங்கால ஆய்வுக்கே தொடக்கமாயிற்று. பல்லாவரம் மலையிலுள்ள குடைவரை முதலாம் மகேந்திரவர்மன் காலத்தது. ஆயினும் இவை நிலத்தின் பழமையைச் சொல்லுமேயன்றி, இன்று அங்கு வாழும் மக்களின் வருகையைச் சொல்வதில்லை.

பம்மல் என்னும் பெயரைத் தமிழுலகம் அறியச் செய்தவர் நாடகாசிரியர் பம்மல் சம்பந்த முதலியார் (1873–1964). 1891இல் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்த அவர் பிறந்ததும், கற்றதும், நாடகம் நடத்தியதும் சென்னை நகரில்தான். அவருடைய தந்தை விஜயரங்க முதலியார் தமிழாசிரியராக இருந்து, பின்னர்ப் பள்ளி ஆய்வாளராகப் பணியாற்றியவர். பூர்வீக ஊரின் பெயரைத் தாங்கி, கல்வியாலும் அரசுப் பணியாலும் நகரத்தில் நிலைபெற்ற குடும்பம் அது. எனவே சம்பந்த முதலியாரின் வாழ்க்கை பம்மலை விட்டு வெளியேறியோரின் வரலாற்றுக்குச் சான்றாகிறது.

இதற்கு எதிர்த்திசையில் வந்தவர் மறைமலையடிகள். 1898 முதல் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த அவர், பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் தமிழ் கட்டாயப் பாடம் என்னும் நிலையை இழந்த சூழலில், 1911இல் பணியைத் துறந்து பல்லாவரத்தில் குடியேறினார். 1916இல் தனித்தமிழ் இயக்கம் தோன்றியது அங்கிருந்தேயாகும். அவர் விலகிய அதே கல்லூரி 1937இல் நகரைவிட்டு நீங்கி, அதே இருப்புப்பாதைத் தடத்திலுள்ள தாம்பரத்திற்கு வந்து சேர்ந்தது. அடிகளை நகரிலிருந்து பெயர்த்தது பாடத்திட்ட மாற்றம். கல்லூரியை அங்கு ஈர்த்தது விரிந்த நிலம். ஆக, இவ்வட்டாரத்தின் அறிவு வரலாறும் குடியேற்ற வரலாற்றின் ஒரு பகுதியே.

பள்ளிகளின் அடுக்குகள்

1822இல் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ, நாட்டுப்புறப் பள்ளிகளைக் கணக்கெடுக்க ஆணையிட்டார். 1826இல் அவர் எழுதிய குறிப்பின்படி மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகளும் அவற்றில் 1,88,650 மாணவர்களும் இருந்தனர். அவர்களுள் பெண்கள் 4,540 பேர் மட்டுமே. பம்மலை உள்ளடக்கிய செங்கல்பட்டு மாவட்டமும் இக்கணக்கெடுப்பில் இடம்பெற்றது. தரம்பால் 1983இல் வெளியிட்ட நூலின் வழியாக இத்தரவுகள் பரவலாக அறியப்பட்டன. காலனி ஆட்சிக்கு முன்பே ஊர்தோறும் கல்வி இருந்தது என்பதற்கு இவை சான்றாகக் காட்டப்படுகின்றன. திண்ணையில் யார் அமர்ந்தனர், யார் அமரவில்லை என்பதையும் சேர்த்து நோக்கினாலன்றி அச்சான்று முழுமை பெறாது.

அமராதோரைப் பற்றிய ஆவணமும் இதே மாவட்டத்திலிருந்து கிடைக்கிறது. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் ஒடுக்கப்பட்ட மக்களின் நிலை குறித்து அளித்த அறிக்கை, 1892ஆம் ஆண்டின் நில ஒதுக்கீட்டு ஆணைக்கு வழிவகுத்தது. பின்னர்த் தொழிலாளர் துறையின் வழியே ஒடுக்கப்பட்ட மக்களின் குழந்தைகளுக்குத் தனிப் பள்ளிகள் தொடங்கப்பட்டன. இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் அவற்றின் தொடர்ச்சியாகும்.

20ஆம் நூற்றாண்டில் தொழிலும் போக்குவரத்தும் இவ்வட்டாரத்தின் முகத்தை மாற்றின. குரோம் முறையில் தோல் பதனிட்ட தொழிற்சாலையால் குரோம்பேட்டை பெயர் பெற்றது. பம்மலை ஒட்டிய நாகல்கேணியில் தோல் பதனிடும் தொழிலும், அனகாபுத்தூரில் கைத்தறி நெசவும் வேலைவாய்ப்பை அளித்தன. 1931இல் கடற்கரை–தாம்பரம் தடத்தில் மின்தொடர் வண்டி ஓடத் தொடங்கியதால், நகரில் பணியாற்றுவோர் புறநகரில் குடியிருக்க முடிந்தது. 1949இல் சி. இராஜம் குரோம்பேட்டையில் சென்னைத் தொழில்நுட்ப நிறுவனத்தைத் தொடங்கினார். உயர்கல்வி நிறுவனங்களுக்குத் தொலைவிலிருந்து மாணவர்கள் வந்தனர். தோல் தொழிலாளியின் குழந்தைக்கும் நெசவாளியின் குழந்தைக்கும் எழுத்தறிவித்தவை அருகிலிருந்த தொடக்கப் பள்ளிகளே.

விடுதலைக்குப் பின்னர், 1958ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டத்தின் வழியே அமைந்த ஊராட்சி ஒன்றியங்கள் தொடக்கப் பள்ளிகளின் பொறுப்பை ஏற்றன. ஊர்கள் பேரூராட்சிகளாகவும் நகராட்சிகளாகவும் உயர்ந்த பின்னரும் புறநகர்ப் பள்ளிகள் பலவற்றின் பெயர்ப்பலகையில் ‘ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி’ என்ற பெயரே நீடிக்கிறது. ஏரியும் வயலும் மனைப்பிரிவுகளாக மாறிய இடத்திலும், அங்கு ஒரு காலத்தில் சிற்றூர் இருந்தது என்பதற்கு அப்பலகை எழுத்துச் சான்றாக நிற்கிறது.

சேர்க்கைப் பதிவேட்டின் சான்று மதிப்பு

பள்ளியின் பெயர் நிருவாக மாற்றத்தைக் காட்டுகிறது. சேர்க்கை நீக்கப் பதிவேடு மக்களின் இயக்கத்தைக் காட்டுகிறது. மாணவர் பெயர், பிறந்த நாள், பெற்றோர் பெயர், தொழில், முன்பு பயின்ற பள்ளி, சேர்ந்த நாள், நீங்கிய நாள், நீங்கியதற்கான காரணம் முதலிய செய்திகள் அதில் ஒரே வரிசையில் பதியப்படுகின்றன. பத்தாண்டுகளுக்கு ஒருமுறை எடுக்கப்படும் மக்கள்தொகைக் கணக்கு காட்ட இயலாத ஆண்டுவாரி மாற்றத்தை இப்பதிவேட்டிலிருந்து பெறலாம். முன்பு பயின்ற பள்ளியைக் கொண்டு, குடும்பம் எம்மாவட்டத்திலிருந்து வந்தது என்பதை அறியலாம். பெற்றோர் தொழிலைக் கொண்டு, ஒரு தெருவின் வாழ்வாதாரம் எப்போது நெசவிலிருந்து கட்டுமான வேலைக்கு மாறியது என்பதைக் கணிக்கலாம். பெண்குழந்தைகள் எந்த வகுப்பில் நின்றனர் என்பதை நீங்கிய நாள் உணர்த்தும்.

இச்சான்றுக்கு வரம்புகளும் உண்டு. பிறந்த நாள் தெரியாத குழந்தைகளுக்குப் பள்ளியில் சேர்வதற்கேற்ற ஒரு நாளை ஆசிரியரே எழுதிக்கொள்வது பழைய வழக்கம். ஆகவே அதனை வயதுக்கான உறுதியான சான்றாகக் கொள்ள இயலாது. ‘கூலி’ என்னும் ஒற்றைச் சொல்லுக்குள் தோல் தொட்டியில் நிற்பவரும் கல் உடைப்பவரும் அடங்கிவிடுகின்றனர். பள்ளிக்கே வராத குழந்தை பதிவேட்டில் இல்லை. இவ்விடங்களில் முதியோரின் வாய்மொழித் தரவுகளோடு ஒப்பிடுவது இன்றியமையாதது. சாதி, பெற்றோர் விவரம் முதலியன தனியுரிமைக்கு உட்பட்டவை ஆதலின், பெயர்களை நீக்கித் தொகுத்த தரவாக மட்டுமே ஆய்வில் பயன்படுத்துதல் முறையாகும்.

மாணவர் விவரங்கள் இன்று கல்வித் தகவல் மேலாண்மை முறைமையில் கணினி வழியே பதியப்படுகின்றன. அதற்கு முந்தைய தலைமுறைகளின் செய்திகள் தாள் பதிவேடுகளில் உள்ளன. மாற்றுச் சான்றிதழின் நகலோ பிறந்த நாள் உறுதிச்சான்றோ கேட்டு வருவோருக்காகவே அவை புரட்டப்படுகின்றன. ஈரமும் கரையானும் அவற்றை அழிக்குமாயின், அவ்வூருக்கு முதன்முதலில் வந்த தொழிலாளர் குடும்பங்களின் எழுத்துத் தடம் பெரும்பாலும் அழிந்துவிடும். ஏனெனில் அவர்களுள் பலர் தன்வரலாறு எழுதியவர் அல்லர், மனை வாங்கிப் பத்திரம் பதிந்தவரும் அல்லர்.

முடிவுரை

பம்மலின் பெயரைத் தாங்கியவர் நகரில் வாழ்ந்தார். நகரில் பணியிழந்தவர் அருகிலுள்ள பல்லாவரத்தில் குடியேறினார். முன்னோடிகளின் வாழ்க்கையே இவ்வட்டாரத்தை இடப்பெயர்வின் களமாகக் காட்டுகிறது. அவ்விடப்பெயர்வில் பங்கேற்ற பெயரறியாப் பெரும்பான்மையினரை அறியத் தொடக்கப் பள்ளிகளின் பதிவேடுகளே அணுக்கமான வாயிலாக உள்ளன. மாநகராட்சி உருவாக்கத்தை ஒட்டி ஊர் எல்லைகள் மாறியுள்ள இக்காலத்தில், ஒன்றியப் பள்ளிகள், உதவிபெறும் பள்ளிகள், ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் ஆகியவற்றின் பழைய பதிவேடுகளை மின்படியாக்கிப் பாதுகாப்பது உடனடித் தேவையாகும். தமிழ்த்துறை, வரலாற்றுத்துறை ஆய்வாளர்கள் தத்தம் ஊர்ப் பள்ளிகளில் பள்ளிக் கல்வித் துறையின் இசைவுடன் இப்பணியைத் தொடங்குவராயின், புறநகரின் வரலாறு அங்கு வாழ்ந்த அனைவருக்கும் உரியதாக எழுதப்படும்.