வழியில் விழுந்த உயிருக்கு யார் பொறுப்பு?

திருப்பூரில் எங்கள் மஹல்லாவின் கபர்ஸ்தானில் சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இளைஞரை அடக்கம் செய்தோம். வங்காளத்திலிருந்து வந்து பனியன் கம்பெனியில் கைமடி வேலை பார்த்தவர், காய்ச்சலில் இறந்துபோனார். அழைத்து வந்த காண்ட்ராக்டருக்கு அவரது அழைப்புப் பெயரைத் தவிர வேறெதுவும் தெரிந்திருக்கவில்லை. மூன்று நாள் பிணவறையில் இருந்த உடலைக் காவல்துறையினர் விசாரணைக்குப் பின் ஜமாஅத்திடம் ஒப்படைத்தனர். தல்கீன் ஓத நின்ற இமாம் தாயின் பெயரைக் கேட்டார். ஒருவருக்கும் தெரியவில்லை. ஹவ்வாவின் மகன் என்றே அழைத்து ஓதி முடித்தார். பத்து நாள் கழித்து அவருடைய அண்ணன் வந்தார். கபரைக் காட்டினோம். "இவனுக்கு இங்கே யார் பொறுப்பாக இருந்தார்?" என்று அவர் கேட்டபோது எங்களிடம் விடை இல்லை.

அந்தக் கேள்வி நம் ஃபிக்ஹுக்குப் புதிதன்று. அரபிக் கல்லூரிகளில் ஓதப்படும் இமாம் மர்கீனானியின் 'ஹிதாயா'வில் 'கஸாமா' என்றொரு பாடம் உண்டு. கொன்றவர் யாரென்று தெரியாத நிலையில் கிடைக்கும் உடலுக்கு யார் பொறுப்பு என்பதே அதன் பொருள். இக்காலத்தில் இப்பாடம் எதற்கு என்று மாணவர்கள் கேட்பதுண்டு. புலம்பெயர்வோரின் மரணங்களைப் பற்றிய இன்றைய அரசியல் விவாதத்தைக் கவனிப்பவருக்கு அந்த ஐயம் எழாது.

கஸாமாவுக்கு மூலமான நிகழ்ச்சி புகாரீ, முஸ்லிம், முவத்தா ஆகிய நூல்களில் பதிவாகியுள்ளது. அன்ஸாரிகளான அப்துல்லாஹ் பின் ஸஹ்ல், முஹய்யிஸா ஆகிய இருவரும் கைபருக்குச் சென்றனர். தங்களுக்கு நேர்ந்த வறுமையின் காரணமாகவே புறப்பட்டார்கள் என்று அறிவிப்பு ஒன்று தெளிவாகவே கூறுகிறது. பிழைப்புக்காக வெளியூர் போனவர்கள் என்று பொருள். அங்கே அப்துல்லாஹ் கொல்லப்பட்டுக் குழியில் வீசப்பட்டுக் கிடந்தார். உறவினர்கள் மதீனா வந்து முறையிட்டனர். ஐம்பது சத்தியம் செய்யுமாறு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கூறியபோது, கண்ணால் காணாததற்கு எப்படிச் சத்தியம் செய்வோம் என்று மறுத்துவிட்டனர். கைபர்வாசிகளோ குற்றச்சாட்டை மறுத்தனர். அவர்களின் சத்தியத்தை உறவினர்கள் ஏற்கவில்லை. சான்று இல்லை, ஆகவே வழக்கும் இல்லை என்று அத்துடன் முடித்திருக்கலாம். ஆனால் அந்த உயிரின் இரத்தம் வீணாவதை விரும்பாமல் நபியவர்களே நூறு ஒட்டகங்களை ஈட்டுத்தொகையாக வழங்கினார்கள். தம்மிடமிருந்து என்றும், ஸதகா ஒட்டகங்களிலிருந்து என்றும் அறிவிப்புகள் வேறுபடுகின்றன.

இதில் இரண்டு நீதிகள் ஒன்றாக நிற்கின்றன. சான்றில்லாமல் ஓர் ஊரார் மீது பழி சுமத்தப்படவில்லை. சான்றில்லை என்பதற்காக இறந்தவரின் உரிமை கைவிடப்படவும் இல்லை.

இவ்வடிப்படையில் ஹனஃபி அறிஞர்கள் சட்டத்தை விரித்துரைத்தனர். உடல் ஒரு மஹல்லாவில் கிடந்தால் அவ்விடத்தைப் பாதுகாக்கும் கடமை அம்மஹல்லாவினருக்கு உண்டு. அதில் குறை வைத்ததால் ஈட்டுத்தொகை அவர்களைச் சாரும். இரண்டு ஊர்களுக்கு நடுவே கிடந்தால் தொலைவை அளந்து அருகிலுள்ள ஊரைப் பொறுப்பாக்குவர். யாருக்கும் தனியுரிமை இல்லாத பெருவழியில் கிடந்தால் பைத்துல்மால், அதாவது பொதுக் கருவூலம், கொடுக்கும். சொந்தக்காரர்களும் குடியிருப்போரும் சேர்ந்து வாழும் இடத்தில் பொறுப்பு யாருக்கு? இடத்தின் உடைமையாளருக்கே என்றார் இமாம் அபூஹனீஃபா (ரஹ்). இருசாராருக்கும் என்றார் இமாம் அபூயூசுஃப் (ரஹ்). மக்கள் வாழும் இடத்தையும் அவர்கள் செல்லும் பெருவழியையும் பொறுப்பில்லாத இடமாக அவ்வறிஞர்கள் விட்டுவைக்கவில்லை.

கொலைக்கான அடையாளம் உடலில் இருந்தால்தான் கஸாமா பொருந்தும். நோயில் இறந்தவருக்குப் பொருந்தாது. ஆகவே இச்சட்டத்தை இன்றைய மரணங்களின் மீது அப்படியே ஏற்றிவிட முடியாது. ஆனால் அதன் அடியில் உள்ள நெறி எடுத்துக்கொள்ளத் தக்கது: இறந்தவர் எந்த ஊர்க்காரர் என்பதைவிட, எந்த ஊரில் இறந்தார் என்பதே பொறுப்பை முடிவு செய்கிறது.

2020 மார்ச் 25 முதல் ஊரடங்கு நடப்புக்கு வந்தபோது இந்தியா முழுவதும் தொழிலாளர்கள் நடந்தே ஊர் திரும்பினர். மே 8ஆம் நாள், ஜால்னாவிலிருந்து புறப்பட்டு, அன்றைய ஔரங்காபாத் மாவட்டத்தில் தண்டவாளத்தில் களைத்து உறங்கிய 16 பேர் சரக்கு ரயிலில் அடிபட்டு மாண்டனர். திருப்பூரிலிருந்தும் அம்மாதம் சிறப்பு ரயில்கள் வடக்கே சென்றன. செப்டம்பர் 14 அன்று மக்களவையில், வழியில் இறந்தவர்கள் எத்தனை பேர், இழப்பீடு உண்டா என்று உறுப்பினர்கள் கேட்டனர். அத்தகைய கணக்கு பேணப்படவில்லை, எனவே இழப்பீடு என்ற கேள்வியே எழவில்லை என்பது தொழிலாளர் அமைச்சகத்தின் விடை. சிறப்பு ரயில்களில் மட்டும் 97 பேர் இறந்ததாக அதே மாதம் மாநிலங்களவையில் ரயில்வே அமைச்சர் தெரிவித்தார். கணக்கில்லாததே பொறுப்பைக் கழிக்கும் காரணமாயிற்று. பெருவழியில் கிடந்த உடலுக்குக் கருவூலமே பொறுப்பு என்ற சட்டம் இதற்கு நேர் எதிரானது.

நாட்டின் எல்லைகளிலும் இதே கேள்வி எழுகிறது. 2011 ஜனவரி 7 அன்று, திருமணத்துக்காகத் தந்தையுடன் வங்கதேசம் திரும்பிய 15 வயது ஃபெலானி, எல்லை முள்வேலியைக் கடக்கையில் சுடப்பட்டார். உடல் பல மணி நேரம் வேலியிலேயே தொங்கியது. எல்லைப் பாதுகாப்புப் படையின் நீதிமன்றம் 2013இல் குற்றஞ்சாட்டப்பட்ட காவலரை விடுவித்தது. 2015இல் மறுவிசாரணையும் அதையே உறுதி செய்தது. ஆயினும் அவ்வாண்டு தேசிய மனித உரிமை ஆணையம் குடும்பத்துக்கு ஐந்து லட்சம் ரூபாய் இழப்பீடு பரிந்துரைத்தது. குற்றம் மெய்ப்படாவிடினும் இரத்தம் வீணாகலாகாது என்ற கருத்தின் சாயலை அப்பரிந்துரையில் காணலாம்.

2013 அக்டோபர் 3 அன்று இத்தாலியின் லாம்பெதூசா தீவருகே படகு மூழ்கி 360க்கும் மேற்பட்டோர் இறந்தனர். இத்தாலி உடனே கடல் மீட்புப் பணியைத் தொடங்கியது, ஓராண்டில் நிறுத்தியது. மீட்பு நடப்பதால்தான் மேலும் பலர் துணிந்து படகேறுகிறார்கள் என்றனர் ஒரு சாரார். மீட்பை நிறுத்தினால் சாவே பெருகும் என்றனர் மறுசாரார். எல்லையைக் காப்பது அரசின் உரிமை என்பதை ஃபிக்ஹ் மறுக்கவில்லை; வெளிநாட்டவர் நுழைவதற்கு 'அமான்' என்னும் பாதுகாப்பு உடன்படிக்கையை வகுத்ததே அதுதான். ஆனால் எல்லைக் கொள்கை எதுவாயினும், மடிந்தவரை எண்ணவும், பெயரறியவும், உறவினருக்குச் சொல்லவும் உள்ள கடமை நீங்குவதில்லை. இரண்டு ஊர்களுக்கு நடுவே தொலைவை அளந்த சட்டம், எல்லைக்கோட்டை யாருக்கும் பொறுப்பற்ற நிலமாகக் கருத இடந்தராது.

நம் ஊருக்கு வருவோம். மாநிலம் விட்டு மாநிலம் வந்த தொழிலாளர்களுக்கான 1979ஆம் ஆண்டுச் சட்டம், விபத்தில் ஒருவர் இறந்தால் இரு மாநில அதிகாரிகளுக்கும் உறவினருக்கும் தெரிவிக்கும் கடமையைக் காண்ட்ராக்டர் மீது வைத்திருந்தது. பதிவே இல்லாமல் வேலைக்கு வைக்கப்பட்டோருக்கு அது ஏட்டளவிலேயே நின்றது. 2025 நவம்பர் 21 முதல் நடப்புக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பில் அச்சட்டம் இணைக்கப்பட்டுவிட்டது. காண்ட்ராக்டர் இன்றித் தாமாக வருவோரும் இப்போது அதன் வரையறைக்குள் வருகின்றனர். அவர்கள் பெயர் பதிவேட்டில் ஏறினால்தான் அதனால் பயனுண்டு.

2023 மார்ச்சில் வடமாநிலத்தவர் தாக்கப்படுவதாகப் பொய்யான காணொளிகள் பரவின. அஞ்சிய தொழிலாளர் பலர் ஊர் திரும்பினர். பீகார் அரசின் குழு திருப்பூருக்கு வந்து நேரில் விசாரித்தது. கைபர் நிகழ்ச்சி தரும் முதல் நீதி, சான்றின்றிப் பழி கூறாதே என்பது, அன்று நம் ஊருக்குத் துணை நின்றது. இரண்டாவது நீதியை நாம் நிறைவேற்ற வேண்டாமா?

இறந்தவரை அடக்குவது ஃபர்ளு கிஃபாயா; சிலர் செய்தால் ஊரின் கடமை நீங்கும். ஆனால் அண்ணன் கேட்ட கேள்விக்கு அடக்கம் மட்டும் விடையாகாது. லைன் வீடுகளில் வாடகை வாங்குவோரும், கம்பெனி நடத்துவோரும் நம் மஹல்லாக்களில் உண்டு. இமாம் அபூஹனீஃபா பொறுப்பை வைத்தது உடைமையாளர் மீதே என்பதை அவர்கள் நினைக்க வேண்டும். தம்மிடம் தங்கியிருப்பவர், வேலை செய்பவர் எம்மதத்தவராயினும் அவரது முழுப்பெயர், தந்தை தாய் பெயர், ஊர், வீட்டாரின் தொலைபேசி எண் ஆகிய நான்கையும் எழுதி வைப்பது பெருஞ்செலவன்று. அந்த ஏட்டைக் காவலுக்கோ விரட்டுவதற்கோ பயன்படுத்தாமல் அமானிதமாகப் பேண வேண்டும்.

எங்கள் ஜமாஅத் இப்போது அப்படியொரு ஏட்டைத் தொடங்கியிருக்கிறது. அதன் முதல் பக்கத்தில் அந்த இளைஞரின் பெயரையும், அண்ணன் சொல்லக் கேட்டு அவருடைய தாயின் பெயரையும் எழுதினோம்.