துளை சின்னது, வலியும் சின்னதா?

குடல் அறுவை முடிந்து வந்தவரின் வயிற்றில் நாலைந்து சின்னப் பிளாஸ்திரிதான் இருக்கும். "லேப்ராஸ்கோப்பிதானே (சிறு துளை வழி அறுவை), வலிக்காது" என்று பார்க்க வந்தவர்கள் சொல்லிவிட்டுப் போவார்கள். உள்ளே குடலை வெட்டித் தைத்திருக்கிறது. வெட்டிய துண்டை வெளியே எடுக்க ஒரு துளையைப் பெரிதாக்கியும் இருப்பார்கள். பெரும்பாலும் வலி அங்கேதான் அதிகம்.

தோள் ஏன் வலிக்கிறது?

அறுவைக்கு இடம் வேண்டி வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்சைடைச் செலுத்தி உப்பவைப்பார்கள். அது நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தை உறுத்தும். உதரவிதானத்துக்கும் தோளுக்கும் போகிற நரம்புகள் கழுத்துத் தண்டுவடத்தின் ஒரே பகுதியில் கிளம்புவதால், வயிற்றில் பட்டது தோளில் தெரிகிறது. பொதுவாக இரண்டு மூன்று நாளில் அடங்கிவிடும். நெஞ்சு இறுக்கம், மூச்சுத்திணறல், வியர்வை சேர்ந்தால் உடனே நர்ஸிடம் சொல்லுங்கள்.

மாத்திரைக்கு மணி உண்டு

வலி முற்றிய பிறகு மாத்திரை தேடுவது நம் வழக்கம். இங்கே அது உதவாது. பாராசிட்டமாலை டாக்டர் சொன்ன நேரத்துக்கு, வலி இல்லாவிட்டாலும், போட வேண்டும். பெரியவர்களுக்கு ஒரு நாள் உச்சவரம்பு 4 கிராம்; எடை குறைந்தவர்களுக்கும் கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கும் அதைவிடக் குறைவு. சளி மாத்திரைகள் பலவற்றிலும் இதே மருந்து இருப்பதை மறக்க வேண்டாம்.

மார்ஃபின், டிரமடால் வலியை நன்றாக அடக்கும். கூடவே குடலையும் மந்தமாக்கும். வயிறு உப்பி, வாயு பிரியாமல் அவதிப்பட நேரும். அதனால் வயிற்றுச் சுவரை மரக்கச் செய்யும் ஊசி, பாராசிட்டமால் என்று பலவற்றைக் கலந்து கொடுத்து மார்ஃபினைக் குறைப்பதே இன்றைய முறை. 1990களில் டென்மார்க்கின் அறுவை மருத்துவர் ஹென்ரிக் கெலட் இந்த வழியை வலியுறுத்தினார்: வலியை அடக்கு, சீக்கிரம் சாப்பிட வை, சீக்கிரம் நடக்க வை.

டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்தை மட்டும் நீங்களாக மெடிக்கலில் வாங்கிப் போடாதீர்கள். சிறுநீரகத்தையும் இரைப்பையையும் பாதிக்கலாம். தைத்த குடல் ஆறுவதையும் கெடுக்கலாம் என்ற சந்தேகம் மருத்துவர்களிடையே உண்டு.

எழுவதற்கும் ஒரு முறை

மல்லாந்தபடியே எழாதீர்கள். ஒருக்களித்து, முழங்கையை ஊன்றி, காலைத் தொங்கவிட்டு எழுங்கள். இருமல் வந்தால் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பி வரும் வலி

நாளுக்கு நாள் வலி குறைய வேண்டும். குறைந்த வலி மறுபடி ஏறினால், அதோடு காய்ச்சல், படபடப்பு, வாந்தி, கல்போன்ற வயிறு சேர்ந்தால், தைத்த இடம் கசிகிறதோ என்று பார்த்தாக வேண்டும். கூடுதலாக ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு படுக்காதீர்கள். அந்த இரவிலேயே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.