வரவழைக்கும் விதியும் ஆடுபுலி ஆட்டமும்

சுங்கை செம்பிலாங் வட்டாரத்துத் தமிழாசிரியர்களுக்கு ஆடுபுலி ஆட்டத்தை அறிமுகம் செய்ய வேண்டுவதில்லை. தரையில் கோடு கிழித்து, புளியங்கொட்டையை ஆடாகவும் கல்லைப் புலியாகவும் வைத்தால் போதும். புலிகள் 3, ஆடுகள் 15, புள்ளிகள் 23. தொடக்கத்தில் ஆடு ஒன்றுகூடக் களத்தில் இல்லை. முறைக்கு ஒன்றாகவே அவை வந்திறங்குகின்றன. பதினைந்தும் இறங்கி முடியும்வரை எந்த ஆடும் நகரலாகாது. புலியோ அதற்கு முன்னரே நகரும். ஆட்டைத் தாண்டி வெட்டும்.

இக்கட்டுப்பாடு எதற்காக? பதினைந்து ஆடுகளும் ஒருசேர இறங்கி, ஒரே முறையில் அத்தனையும் நகரலாம் என்று வைத்துக்கொள்வோம். புலி அசையுமுன் ஆட்டம் முடிந்துவிடும். தனித்து நோக்கின் ஆடு எளிய காய்தான்; ஆனால், முறைகள் பெருகினால் எளியதும் வல்லதாகிவிடும். மலாய் மக்களின் ‘ரீமாவ்’ ஆட்டத்திலும் மனிதக் காய்கள் பல சேர்ந்தே புலியை மடக்குகின்றன. காயின் வலிமையை மட்டும் பாராது, முறைகளின் எண்ணிக்கையையும் எண்ண வேண்டும் என்பதே இவ்வாட்டங்கள் தரும் பாடம்.

இப்பாடம் இன்றைய மாணவர் விரும்பும் கற்பனைப் பாத்திர ஆட்டங்களுக்கும் பொருந்தும். மேசையைச் சுற்றி அமர்ந்து, ஒவ்வொருவரும் ஒரு பாத்திரம் ஏற்றுப் பேசுவர். ஒருவர் நடுவராகக் கதை நடத்துவார். ஐயம் எழும்போது பகடை தீர்ப்பளிக்கும். அவற்றுள் பெயர் பெற்றது, கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னேசனும் உருவாக்கி, 1974இல் வெளிவந்த ‘டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ ஆகும். விலங்குகளை மந்திரத்தால் வரவழைக்கும் விதியும் அதில் உண்டு.

2014ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, அம்மந்திரத்தால் வலிய விலங்கு ஒன்றையோ, எளிய விலங்குகள் எட்டையோ வரவழைக்கலாம். எட்டு ஓநாய்கள் வந்தன என்று கொள்வோம். மேசையில் நால்வர் இருந்தால், மந்திரம் அறிந்தவருக்கு ஒரு சுற்றில் தம்முடைய முறை ஒன்றும் ஓநாய்களின் முறை எட்டுமாக ஒன்பது. மற்ற மூவருக்கும் சேர்த்து மூன்றே. பன்னிரண்டில் ஒன்பது ஒருவர் கையில்! மற்றப் பிள்ளைகள் கன்னத்தில் கைவைத்துக் காத்திருப்பர்.

இக்குறையைப் பிற்காலப் பதிப்புகள் களைய முயன்றன. 2020இல் வந்த துணைநூல், ஒரே விலங்கை வரவழைத்து, மந்திரத்தின் படிநிலைக்கேற்ப அதன் வலிமையை உயர்த்தும் மந்திரங்களைத் தந்தது. 2024ஆம் ஆண்டுப் பதிப்பில், விலங்குக் கூட்டம் தனித்தனிக் காய்களாக இன்றி ஒரே மந்தையாக இயங்குகிறது.

தமக்கேற்ப விதி வகுக்க விரும்புவோர் மூன்று செய்திகளை நினைவிற் கொள்ளலாம். முதலாவது, வந்த விலங்கு அடுத்த சுற்றில்தான் செயற்பட வேண்டும். ஆட்டுக்குள்ள காத்திருப்பு அதற்கும் வேண்டும். இரண்டாவது, பல விலங்குகள் வந்தாலும் பகடை ஒருமுறையே உருள வேண்டும். மூன்றாவது, உருவத்தை மாற்றலாம், எண்களை மாற்றலாகாது. ஓநாய்க்குப் பதிலாகப் புக்கிட் மெலாவத்திக் குன்றின் மந்திக் கூட்டம் வரட்டும். சிலாங்கூர் ஆற்றங்கரை பெரெம்பாங் மரங்களில் மின்னும் மின்மினிகள் வரட்டும். வலிமைக் கணக்கு முன்னிருந்ததே இருக்கட்டும். நம் ஊர் உயிர்கள் வந்தால் நம் ஊர்ச் சொற்களும் உடன் வரும்; தமிழ் வகுப்புக்கு அது தனி ஊதியம்.

புதிய விதி நன்றா அன்றா என்று அறிவது எங்ஙனம்? அரைமணி நேரம் ஆடவிட்டு, ஒவ்வொரு பிள்ளையும் எத்தனை முறை பகடை உருட்டினான், எத்தனை முறை வாய் திறந்தான் என்று ஆசிரியர் குறித்து வரட்டும். ஒருவன் கணக்கு மலைபோல் உயர்ந்து, மூலையிலிருப்பவன் கணக்கு வெறுமையாய் நின்றால், அவ்விதியைத் திருத்த வேண்டும். களத்தில் எவ்விலங்கு வென்றாலும் கேடில்லை. வாய் பேசாத பிள்ளை தன் முறை வருமுன் எழுந்து போய்விட்டால், அன்றைய ஆட்டம் தோற்றதாகும்.