சீட்டா ரிவேராவும் இரண்டு ஆஸ்கர்களும்

'வெஸ்ட் சைட் ஸ்டோரி' (1961) படத்துல அனிட்டாவா நடிச்ச ரீட்டா மொரேனோவுக்கு ஆஸ்கர் கிடைத்தது. 'சிகாகோ' (2002) படத்துல வெல்மாவா நடிச்ச கேத்தரின் ஸீட்டா-ஜோன்ஸுக்கும் ஆஸ்கர். இந்த இரண்டு வேடங்களையும் பிராட்வே மேடையில் முதன்முதலில் போட்டவர் ஒரே நடிகை: சீட்டா ரிவேரா. 1957இல் அனிட்டா, 1975இல் வெல்மா.

1933இல் வாஷிங்டனில் பிறந்து, நியூயார்க்கில் பாலே படித்தவர். பிராட்வே இசை நாடகத்தில் ஒரே ஆள் நடிக்கணும், பாடணும், ஆடணும். வழக்கமா வாரத்துக்கு 8 காட்சிகள். ரீடேக் கிடையாது. சினிமாவில் அந்தப் பாரம் பலருக்குப் பிரிந்துவிடும்: மொரேனோவுக்கே ஒரு பாட்டை இன்னொருவர்தான் பாடினார். 1960இல் ரிவேரா நடித்த 'பை பை பேர்டி' படமானபோது, அந்த வேடம் ஏற்கெனவே சினிமா நட்சத்திரமாக இருந்த ஜேனட் லீக்குப் போனது.

1986இல் கார் விபத்து. கால் எலும்பு 12 இடத்தில் முறிந்தது. ஆட்டக்காரருக்கு அதோட கதை முடிஞ்சதுன்னுதானே நினைப்போம்? 1993இல், 60 வயதில், 'கிஸ் ஆஃப் த ஸ்பைடர் வுமன்' நாடகத்துக்காகத் தன் இரண்டாவது டோனி விருதை வாங்கினார். 82 வயதிலும் பிராட்வேயில் நடித்தார். 2024இல், 91 வயதில் காலமானார்.

1957 இசைத்தட்டில் அனிட்டாவின் குரலை இன்றும் கேட்கலாம். அந்த ஆட்டத்தின் பெரும்பகுதியோ, அன்று அரங்கில் உட்கார்ந்திருந்தவர்களோடு போய்விட்டது.